இதயம் அடிப்பதும் நாடி சொல்வதும்

மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஒருவருக்கு இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. முகம் நனைந்து, மூச்சு நின்ற சில நொடிகளிலேயே இதயம் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. கூடவே, கைகால்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இறுகுகின்றன. அந்த நேரத்தில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்க முடிந்தால் நாடி மெலிந்திருக்கும். விரலுக்குச் சட்டென்று அகப்படாது. உள்ளே இதயம் நிதானமாக அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சேதி மணிக்கட்டு வரைக்கும் முழுதாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதயத்துடிப்பு, நாடித்துடிப்பு என்ற இரண்டையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். ஆஸ்பத்திரியில் கூடப் பல சமயம் அப்படித்தான். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு இரண்டுக்கும் ஒரே எண் வருவதால் அதில் பெரிய தவறில்லை. ஆனால் இரண்டு எண்களும் விலகும் நேரங்கள் உண்டு. உயிருக்கு வரும் ஆபத்து பல சமயம் அந்த விலகலில்தான் முதலில் தெரியும். கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்களில் இந்த வேறுபாடு வீட்டுக்கு ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தருவைகுளம் அப்படிப்பட்ட ஊர். தூத்துக்குடிக்கு வடக்கே, ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் மன்னார் வளைகுடா. இங்கிருந்து புறப்படும் விசைப்படகுகள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரையும் மற்ற பெருமீன்களும் பிடித்துத் திரும்புகின்றன. கரையில் இருக்கும் மருத்துவரை எட்ட முடியாத தொலைவில், படகில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ, கூட இருப்பவரின் விரல்தான் முதல் கருவி.

இந்தக் கரையின் பழைய தொழில் முத்துக்குளிப்பு. கொற்கையின் பெயர் கிரேக்கக் கடல் வழிக் குறிப்புகளில் இடம்பெற்றதே முத்தால்தான். முத்துச்சிப்பி படிந்த பாறைத்திட்டுகளைப் 'பார்' என்பார்கள். காலைக் கல்லில் ஊன்றிக் கயிற்றோடு சர்ரென்று இறங்கி, ஒரு நிமிடத்தை ஒட்டி அடியில் தங்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வருவார் குளியாளி. ஆழத்தைக் கணக்கிடப் 'பாகம்' என்ற அளவு. ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதன்பின் 1973இல், தருவைகுளத்தை அடுத்த வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சுவாமியும் குழுவினரும் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். முத்துக்குளிப்பு நின்றாலும் சங்குகுளிப்பு நிற்கவில்லை. மூச்சை அடக்கும் உடம்பு என்ன செய்கிறது என்ற கேள்வி இந்தக் கரைக்கு இன்னமும் சொந்தமான கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு அறிவியல் பதில் கிடைத்தது இன்னொரு முத்துக்கரையில். நார்வே வழி வந்த உடலியல் அறிஞர் பெர் ஷோலாண்டர், கடல்நாய்கள் நீரில் மூழ்கியதும் அவற்றின் இதயம் வெகுவாக மந்தமாவதை முன்பே கண்டறிந்திருந்தார். மனிதருக்கும் அப்படி உண்டா என்று பார்க்க, ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள டோரஸ் நீரிணையின் முத்துக்குளியாளிகளிடம் போனார். 1962இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, அந்தக் குளியாளிகளின் இதயமும் நீருக்கடியில் மந்தமாவதைப் பதிவு செய்தது. அதைவிடச் சுவையான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. உழைக்கும் தசைகளில் ஆக்சிஜன் இல்லாதபோது உண்டாகும் லாக்டிக் அமிலம், முங்கியிருக்கும்போது ரத்தத்தில் அவ்வளவாகக் கூடவில்லை. மேலே வந்து மூச்சு விட்ட பிறகுதான் ஏறியது. அதாவது, நீருக்கடியில் தசைகளுக்குப் போகும் ரத்தம் ஏறக்குறைய அடைக்கப்பட்டிருந்தது. இருக்கும் ஆக்சிஜன் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்பட்டது. கொரியாவின் ஹேன்யோ பெண் குளியாளிகளைச் சுக் கி ஹாங் ஆராய்ந்தபோது, குளிர்காலக் கடலில் இதயம் இன்னும் கூடுதலாக மந்தமாவது தெரிந்தது. நீர் குளிர்ந்திருக்கக் குளிர்ந்திருக்க இந்த எதிர்வினை வலுக்கும்.

இது நடக்கும் விதம் அழகானது. முகத்தின் தோலில், குறிப்பாக நெற்றியையும் மூக்கையும் சுற்றி, முப்பிரிவு நரம்பின் நுனிகள் இருக்கின்றன. அவை நனைந்து குளிர்ந்ததும் மூளைத்தண்டுக்குச் சேதி போகிறது. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் துடிப்புக் கணுவுக்கு 'மெதுவாக' என்று உத்தரவு வருகிறது. மருத்துவர்கள் இதையே சிகிச்சையாகவும் பயன்படுத்துகிறார்கள். சிலருக்கு இதயம் திடீரென்று நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடும் ஒரு வகைக் கோளாறு உண்டு. கைக்குழந்தைக்கு அப்படி வந்தால், மருத்துவர் பனிக்கட்டி நிறைந்த பையைச் சில நொடிகள் முகத்தில் வைத்து அந்த ஓட்டத்தை நிறுத்துவதுண்டு. பூமியின் மிகப்பெரிய விலங்கான நீலத்திமிங்கலத்தின் மீது கருவி பொருத்திக் கலிபோர்னியக் கடலில் எடுத்து 2019இல் வெளியிட்ட அளவீட்டில், ஆழத்தில் அதன் இதயம் நிமிடத்துக்கு இரண்டு முறை வரைக்கும் இறங்கியது. மேலே வந்து மூச்சு விடும்போது முப்பதைத் தாண்டியது. குளியாளியின் உடம்பிலும் திமிங்கலத்தின் உடம்பிலும் ஓடுவது ஒரே பழைய ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை நம்பி இளைஞர்கள் நீண்ட நேரம் மூச்சடக்கப் போட்டி போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது முக்கியமாக ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் அந்த வாயு குறைந்துவிடும். தவிப்பு வர நேரமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். இதயம் மந்தமாவது சில நொடிகளைச் சம்பாதித்துத் தரும். அதற்கு மேல் தராது.

சரி, இதயத்தின் அடி மணிக்கட்டுக்கு எப்படி வருகிறது? முதலில் துடிப்புக் கணுவில் ஒரு சிறு மின்தூண்டல். அது மேலறைகளில் பரவிக் கீழறைகளை எட்டுகிறது. கீழறைத் தசை சுருங்குகிறது. இடது கீழறையின் அழுத்தம் கூடி, மகாதமனியின் வாயில் உள்ள வால்வு திறக்கிறது. ஏறத்தாழ 70 மில்லி ரத்தம் மகாதமனிக்குள் பாய்கிறது. அந்தத் தள்ளலில் தமனிச் சுவர் விரிகிறது. அந்த விரிவு ஓர் அலையாகக் கிளைக்குக் கிளை ஓடி மணிக்கட்டின் ஆரைத் தமனியை அடைகிறது. நம் விரல் உணர்வது அந்த அலையைத்தான். தோணியில் நிற்பவர் குளியாளியின் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் அந்தச் சுண்டு அடிவரை போகும், கயிறு இடம்பெயர்வதில்லை, நாடியும் அப்படித்தான். மகாதமனியில் ரத்தம் சராசரியாக நொடிக்கு அரை மீட்டர்கூட நகர்வதில்லை. அலையோ இளவயதில் நொடிக்கு ஐந்து மீட்டர் போல ஓடுகிறது. வயதாகித் தமனிச்சுவர் விறைத்தால் அது பத்து மீட்டரையும் தாண்டும். மருத்துவர்கள் இந்த வேகத்தை அளந்தே தமனிகளின் விறைப்பைக் கணிக்கிறார்கள்.

ஆக, மூன்று படிகள்: மின்தூண்டல், சுருக்கம், அலை. ஈ.சி.ஜி. எண்ணுவது முதல் படியை. நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப் கேட்பது இரண்டாவதை. மணிக்கட்டு விரலும், விரல்நுனி ஆக்சிமீட்டரும், கைக்கடிகாரத்தின் பச்சை விளக்கும் எண்ணுவது மூன்றாவதை. ஒரு படியில் நடந்தது அடுத்த படிக்கு வந்து சேராமல் போகலாம்.

இதற்கு எளிய உதாரணம், முன்கூட்டியே வரும் அடி. சில சமயம் கீழறை தன் முறைக்கு முன்பே அவசரமாகச் சுருங்கிவிடும். அதற்குள் ரத்தம் நிறைந்திருக்காது. காலிப் பையை அமுக்கியது போலாகிவிடும். வால்வு திறக்காமலே போகலாம், அல்லது கிளம்பும் சிற்றலை வழியிலேயே கரைந்துவிடலாம். பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் நன்றாக நிறைந்த கீழறை அடுத்த அடியை ஓங்கி அடிக்கும். 'நெஞ்சு ஒரு அடி விட்டு அடிக்குது' என்று பலர் சொல்வது இதைத்தான். எப்போதாவது வந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் ஒவ்வொரு நல்ல அடிக்கும் பின்னால் ஓர் அவசர அடி வரும் நிலையும் உண்டு. அப்போது ஈ.சி.ஜி.யில் 80 இருக்க, ஆக்சிமீட்டர் 40 என்று காட்டும். வீட்டில் இருப்பவர்கள் இதயம் நின்றுபோகப் போகிறது என்று அலறுவார்கள். கருவி பொய் சொல்லவில்லை. வந்து சேர்ந்த அலைகளை மட்டும் அது எண்ணியிருக்கிறது.

இதைவிடக் கவனிக்கவேண்டியது மேலறைக் குறுநடுக்கம். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். கீழறைகள் தாறுமாறான இடைவெளியில் அடிக்கும். சில அடிகளுக்கு ரத்தம் நிறைய நேரம் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. நெஞ்சில் எண்ணினால் 130 இருக்கும், மணிக்கட்டில் எண்ணினால் 100 வரும். மணிக்கட்டை மட்டும் பார்த்தவர் 'நூறுதானே' என்று நிம்மதியாகப் போய்விடுவார். இதயமோ ஓயாமல் களைத்துக்கொண்டிருக்கும். இந்த 30 அடி வித்தியாசத்தை நாடிக் குறைவு என்பார்கள். அதை அறிய விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தும், இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தும், ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரே நிமிடம் எண்ணவேண்டும். நூறாண்டுக்கும் முன்பு, இங்கிலாந்தின் பர்ன்லி என்ற ஆலை நகரத்தில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி, கழுத்துச் சிரையின் அசைவையும் மணிக்கட்டு நாடியையும் ஒரே தாளில் ஒருசேரப் பதிய வைத்து இந்த ஒழுங்கற்ற நாடியின் மர்மத்தை அவிழ்க்க வழி திறந்தார். 1909இல் தாமஸ் லூயிஸ் ஈ.சி.ஜி. கொண்டு அதை உறுதிசெய்தார்.

நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். குறுநடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு காட்டியது. மேல்நாடுகளில் இது பெரும்பாலும் முதியவர்களின் நோய். நம்மிடம் இளம்பெண்களுக்கும் வருகிறது. சிறுவயதில் வந்த தொண்டைப்புண் வாதக்காய்ச்சலாக மாறி இதய வால்வைச் சுருக்கிவிடுவது ஒரு முக்கியக் காரணம். தொண்டைப்புண்ணுக்கு உரிய காலத்தில் பென்சிலின் கொடுத்தால் தடுக்கக்கூடிய ஒன்றுக்கு, இருபத்தைந்து வயதில் ஒரு கை விழுந்துபோவதைப் பார்ப்பது கொடுமை. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை எழுதிக் கொடுக்க வேண்டுமானால், முதலில் யாராவது அந்த நாடியைப் பிடித்து, அது தாறுமாறாக ஓடுவதைக் கவனித்திருக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடிக்குத் தலைமையான இடம் உண்டு. மூன்று விரல் வைத்து வளி, அழல், ஐயம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். வளி அன்னம்போல், மயில்போல் நடக்கும், அழல் ஆமைபோல், ஐயம் தவளைபோல், பாம்புபோல் என்று நாடியின் நடைக்கு உவமை சொல்லியிருக்கிறார்கள். அந்த முக்குற்றக் கொள்கையை நவீன உடலியலோடு பொருத்திக் காட்ட நான் முனையவில்லை. ஆனால் எண்ணிக்கையைவிட நடை முக்கியம் என்று பிடித்த அந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். எண்ணுவதற்கு நம்பகமான கடிகாரம் வேண்டும். மேற்கில்கூட ஜான் ஃபிளாயர் என்ற மருத்துவர் ஒரு நிமிடம் ஓடும் நாடிக் கடிகாரத்தைப் பற்றிப் புத்தகம் போட்டது 1707இல்தான். இப்போது எல்லோர் கையிலும் கடிகாரம் இருக்கிறது, எண் இருக்கிறது, நடையைக் கவனிக்கும் பழக்கம் போய்விட்டது.

விரல்நுனி ஆக்சிமீட்டர் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்தது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயகி 1974இல் முன்வைத்த யோசனை அது. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாயும். நாடி அலை வரும்போதெல்லாம் ரத்தம் கூடி ஒளி சற்றுக் குறையும். அந்தக் குறைவுகளை எண்ணினால் துடிப்பு. ஈரக்கை, குளிர்ந்த விரல், நகப்பூச்சு, ஆடும் படகு எல்லாம் அதை ஏமாற்றும். கம்ப்ரெசர் குழாய் வழியாகக் காற்றை இழுத்து முங்கும் சங்குகுளியாளர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். எஞ்சின் புகை அந்தக் காற்றில் கலந்து கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால், அதை ஆக்சிஜன் என்றே சாதாரண ஆக்சிமீட்டர் எடுத்துக்கொள்ளும். தலைசுற்றிச் சாயும் ஒருவருக்கு 98 என்று எண் காட்டினால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

உப்பளத்தில் நடப்பது இதற்கு வேறு கதை. வெயிலில் வியர்த்து உடம்பின் நீர் குறையும்போது, ஒவ்வோர் அடிக்கும் இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட அடிகளின் எண்ணிக்கை கூடுகிறது. நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும். நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துச் சிறிது நேரம் ஆன பிறகும் 100க்குக் கீழே இறங்காத நாடியோடு யாரையும் மறுபடி பாத்திக்கு அனுப்பாதீர்கள்.

கடலில் இருந்து தூக்கி வரப்பட்டவரின் மணிக்கட்டில் நாடி அகப்படவில்லை என்றால், 'முடிந்துவிட்டது' என்று சொல்லும் வழக்கம் கரையோரம் இருக்கிறது. இது மாற வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்து தமனிகள் இறுகிய உடம்பில் மணிக்கட்டு நாடி முதலில் மறையும்; இதயம் அப்போதும் மெல்ல அடித்துக்கொண்டிருக்கலாம். நேர்மாறாக, ஈ.சி.ஜி. திரையில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நாடியே இல்லாத நிலையும் உண்டு. மின்தூண்டல் ஓடுகிறது, தசை தள்ளவில்லை. பயிற்சி இல்லாதவர்களால் பதற்றத்தில் நாடியைச் சரியாகக் கண்டறிய முடிவதில்லை என்பதால், 2000ஆம் ஆண்டிலிருந்து சர்வதேச முதலுதவி வழிகாட்டுதல்கள் பொதுமக்கள் நாடி தேடுவதையே விட்டுவிடச் சொல்கின்றன. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் போதும்: நீரில் மூழ்கியவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள், பிறகு நெஞ்சின் நடுவில் ஐந்து செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்குங்கள். முப்பது அமுக்கலுக்கு இரண்டு மூச்சு. இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதிலும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதிலும் ஒரு நொடிகூட வீணாக்காதீர்கள். உறைபனி நீரில் மூழ்கிய சிலர் நீண்ட நேரத்துக்குப் பிறகும் பிழைத்ததுண்டு. நம் கடல் வெதுவெதுப்பானது. அந்தச் சலுகை இங்கே கிடையாது.

நாடி பார்ப்பது கடினமல்ல. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். உள்ளங்கை மேலே இருக்கட்டும். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டுப் பள்ளத்தில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். பெருவிரலால் பார்த்தால் உங்கள் சொந்த நாடியே குழப்பும். முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால், தவறவிட்ட ஒரு அடி நாலாகிவிடும், ஒழுங்கின்மையும் கண்ணில் படாது. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. கடும் உடலுழைப்பில் பழகியவர்களுக்கு 50 இருந்தாலும் மயக்கமோ களைப்போ இல்லையென்றால் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. பிறந்த குழந்தைக்கு 100 முதல் 160 வரை. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ பத்து அடி கூடும். எண்ணி முடித்ததும் இன்னொரு நிமிடம் எண்ணாமல் விரலை அப்படியே வைத்திருங்கள். அடிகள் சம இடைவெளியில் வருகின்றனவா, வலு சமமாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தக் கருவியோடு உங்கள் வீட்டுக்கு வரும் ஊழியரிடம், கருவி காட்டும் எண்ணோடு நிற்காமல் ஒரு நிமிடம் கையையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலை இழுத்து ஓய்ந்த அப்பா, உப்பளத்தில் இருந்து வந்த அம்மா, சிறுவயதில் மூட்டுவீக்கத்தோடு காய்ச்சல் வந்த தங்கை, இவர்கள் நாடியை இன்றைக்கே நீங்கள் பாருங்கள். அது ஒழுங்கில்லாமல் ஓடினால், வலி எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்த நடைக்குப் படகு கிளம்பும் முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.